ஹார்வர்டும் எச்சில் தட்டும்

இண்டியானா,
தீபாவளிக்கு முந்தின வாரம், 2025

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

  

உங்கள் குரல் செய்தி வந்து சேர்ந்தது. முதல் பாதி முழுக்கக் கோவில்பட்டியில் மழை இல்லை, மெழுகு விலை ஏறிவிட்டது, சீன லைட்டர் வந்து தீப்பெட்டி ஆபீஸ்காரன் குடியைக் கெடுக்கிறது. மறுபாதியில் உங்கள் மகன் கார்த்தியின் அமெரிக்கப் படிப்பு. போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் போனில் கேள்வியையும் நீங்கள்தான் கேட்பீர்கள், பதிலையும் நீங்கள்தான் சொல்வீர்கள்; நான் ‘உம்’ கொட்டுவதோடு சரி. கடிதத்தில் அந்த வசதி உங்களுக்கு இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இப்போது வேலை பார்ப்பது எங்கள் பல்கலைக்கழகத்தின் முதுகலைச் சேர்க்கை அலுவலகத்தில். பெரிய உத்தியோகம் என்று ஊரில் பரப்பிவிடாதீர்கள். முன்மேசையில் உட்கார்ந்து போன் எடுக்க வேண்டும், மின்னஞ்சலுக்குப் பதில் போட வேண்டும், வந்த மதிப்பெண் பட்டியல் அவரவர் கோப்பில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எந்த விண்ணப்பத்தைப் பற்றியும் வெளியே வாய் திறக்கக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். ஆகவே யார், எவர் என்று எதுவும் சொல்லமாட்டேன். கார்த்தியின் சேர்க்கைக்கு நீங்கள் பிடித்திருக்கும் கன்சல்டன்சிக்காரர் ‘ரகசியம்’ என்று முத்திரை குத்தி விற்கிற சரக்கை மட்டும் பிரித்துப் போடுகிறேன்.

எங்களுக்கு நம் நாட்டிலிருந்து வரும் மின்னஞ்சல்களில் பெரும்பாலானவற்றில் ஒரே கேள்விதான்: “ரெஸ்பெக்டட் சார், உங்கள் யுனிவர்சிட்டி கட்-ஆஃப் எவ்வளவு?” பதில் போடுவது ஒரு கோவில்பட்டிக்காரி என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? எல்லோருக்கும் நான் சார்தான். கேட்பவர்கள் மேல் தப்பில்லை. நம் பழக்கம் அப்படி. நம் ஊர்ப் பொறியியல் சேர்க்கையில் கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200. ஒரே கட்-ஆஃப் இரண்டு பேருக்கு வந்தால் கணக்கு மார்க், அடுத்து இயற்பியல் மார்க், அப்படியே போய்ப் பிறந்த தேதி, அதுவும் ஒத்துப்போனால் கணினி போட்டுக் கொடுத்த ரேண்டம் நம்பர். தலையெழுத்துக்கே வரிசை எண் கொடுக்கிற ஊர்! ஒரு விதத்தில் அது நேர்மையான முறை என்றே இப்போது எனக்குப் படுகிறது. யார் வீட்டுப் பிள்ளை என்று எண்ணுக்குத் தெரியாது.

இங்கே அந்தக் கட்-ஆஃப் பட்டியலே கிடையாது சித்தப்பா. எங்கள் அலுவலகம் காகிதம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். எடுப்பதா விடுவதா என்று முடிவு செய்பவர்கள் துறையிலிருக்கும் நாலைந்து பேராசிரியர்கள். ஜனவரி, பிப்ரவரியில், வெளியே பனி கொட்டும்போது, வகுப்பும் எடுத்து, ஆராய்ச்சியும் பார்த்து, மிச்ச நேரத்தில் கோப்புக் கோப்பாகப் படிப்பார்கள். மார்க் மோசமாக இருந்தால் கோப்பு அங்கேயே நின்றுவிடும், மறுக்கவில்லை. ஆனால் நல்ல மார்க் வாங்கியவர்களே நூற்றுக்கணக்கில் வரிசையில் நிற்கிறார்களே! அதற்கு மேல் எண் பேசாது. பிள்ளை என்ன எழுதியிருக்கிறான், அவனைப் பற்றி மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்றுதான் பார்ப்பார்கள்.

ஜி.ஆர்.ஈ. நுழைவுத் தேர்வின் கதையும் இதுதான். 340க்கு 330 வாங்கினால் அமெரிக்கா சிவப்புக் கம்பளம் விரிக்கும் என்று உங்களிடம் சொன்னவர், அந்தத் தேர்வுக்குப் பயிற்சி வகுப்பும் நடத்துகிறார் என்பதைக் கவனித்தீர்களா? கோவிட் காலத்திலிருந்து பல துறைகள் அந்தத் தேர்வே வேண்டாம் என்று விட்டுவிட்டன. சில இன்னமும் கேட்கின்றன. தேர்வு நடத்துகிறவர்களே 2023 செப்டம்பரில் அதை இரண்டு மணி நேரத்துக்குள் சுருக்கிவிட்டார்கள். கார்த்தி விண்ணப்பிக்கும் துறைகளின் பக்கத்தைத் திறந்து, கேட்கிறார்களா இல்லையா என்று அவனையே படிக்கச் சொல்லுங்கள். அதற்குப் பயிற்சி வகுப்பு தேவையில்லை.

இனி அந்த நோக்கக் கட்டுரை. கன்சல்டன்சியில் கார்த்திக்காக எழுதிக் கொடுத்த எஸ்.ஓ.பி.யை எனக்கு அனுப்பியிருந்தீர்கள். முதல் வரியிலேயே, சின்ன வயதிலிருந்து கணினி மீது அவனுக்குத் தீராத வேட்கை என்று இருக்கிறது. சின்ன வயதில் அவனுக்கு வேட்கை எதன் மீது என்று எனக்குத் தெரியும், உங்கள் டி.வி.எஸ். 50ஐ எடுத்துக்கொண்டு தெப்பக்குளத்தைச் சுற்றுவதில். அது இருக்கட்டும். இந்த வேட்கைக் கட்டுரையை நான் பார்ப்பது இது முதல் முறை இல்லை. ஹைதராபாத், கோயம்புத்தூர், சூரத், இந்தியாவின் எந்த மூலையில் பிறந்த பிள்ளைக்கும் இதே வேட்கை, இதே வயதில், இதே வாக்கியத்தில் வந்திருக்கிறது. படிக்கிற பேராசிரியரின் கண் அந்த வரியைத் தாண்டும்போதே பாதி மூடிவிடும்.

கார்த்தி முதலில் தானே எழுதிய வரைவையும் எனக்குத் தனியாக அனுப்பினான். (கோபிக்காதீர்கள்.) அதில் ஒரு பத்தி வருகிறது. நம் தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி அடைக்கும் அக்காமாருக்கு வாரக் கூலி கணக்குப் போடும்போது சனிக்கிழமை தோறும் சண்டை வருமே. பெட்டிக் கணக்கு ஒருவர் சொல்வது ஒன்று, கணக்குப்பிள்ளை நோட்டில் இருப்பது ஒன்று. அதற்கு அவன் பழைய செல்போன் ஒன்றில் சின்னதாக ஒரு நிரல் எழுதி, எழுதப் படிக்கத் தெரியாத அக்காகூடப் படத்தைத் தொட்டுத் தன் கணக்கைத் தானே பதிகிற மாதிரி செய்திருக்கிறான். முதல் மாதம் அது எப்படித் தப்புத் தப்பாகக் கூட்டியது, ஈரக் கைபட்டுத் திரை வேலை செய்யாமல் போனது, பிறகு எப்படிச் சரிசெய்தான் என்றெல்லாம் எழுதியிருந்தான். கன்சல்டன்சிக்காரர் அந்தப் பத்தியை மொத்தமாக அடித்துவிட்டு, “தீப்பெட்டி ஆபீஸ் எல்லாம் கௌரவமாக இருக்காது” என்று ஓரத்தில் குறிப்பு வேறு போட்டிருக்கிறார். சித்தப்பா, அந்தக் கட்டுரையில் ஒரு மனுஷன் தென்படுகிற இடம் அது ஒன்றுதான். அதைத் திரும்பப் போடச் சொல்லுங்கள். மற்றதை எல்லாம் எடுத்தாலும் பரவாயில்லை.

சிபாரிசுக் கடிதம் மூன்று வேண்டும். “ஹெச்.ஓ.டி.யிடம் சொல்லிவிட்டேன், நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன் என்றார், ரொம்ப நல்ல மனுஷர்” என்கிறீர்கள். நல்ல மனுஷர்தான். ஆனால் ஒரே ஆள் எழுதிய மூன்று கடிதம் ஒரே கோப்பில் உட்கார்ந்திருந்தால், காற்புள்ளி வைக்கிற இடத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுகிறார்கள். இன்னொன்று: “இவர் பணிவானவர், ஒழுக்கமானவர், வகுப்புக்குத் தவறாமல் வருவார்” என்ற சான்றிதழ் இங்கே பெண் பார்க்கப் போகும்போதுகூட உதவாது. எந்த ஆய்வகத்தில் என்ன செய்தான், எங்கே திணறினான், எப்படி மீண்டான் என்று அவனை நேரில் கண்ட வாத்தியார், இளையவராக இருந்தாலும், அவரே எழுதினால் அதற்குத்தான் மதிப்பு. மூன்றாம் செமஸ்டரில் வைத்த அரியரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பட்டியலில் தெரியத்தான் செய்யும். பிறகு அதே பாடத்தில் நன்றாகச் செய்திருந்தால் அதுவே பதில்.

அடுத்தது உங்கள் ஐவி லீக். “சேர்ந்தால் ஐவி லீக், இல்லாவிட்டால் ஊரிலேயே இருக்கட்டும்” என்று நீங்கள் சொன்னதை அறைத்தோழியிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் இந்த ஊர்ப் பெண். விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த லீக் 1954இல் எட்டுக் கல்லூரிகள் விளையாட்டுப் போட்டிக்காகச் சேர்ந்து செய்த ஏற்பாடு சித்தப்பா. சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டிக் கபடிக் குழுக்கள் சேர்ந்து ஒரு கோப்பைக்கு விளையாடுகிற மாதிரி. எட்டும் பழம்பெரும் கல்லூரிகள் என்பது உண்மை. ஆனால் நீங்கள் மூச்சுக்கு மூச்சு சொல்லும் எம்.ஐ.டி.யும் ஸ்டான்ஃபோர்டும் அதில் இல்லை. எங்கள் பக்கத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது, பிக் டென் என்று. போன வருஷத்திலிருந்து அதில் பதினெட்டுப் பல்கலைக்கழகங்கள். பெயரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

தரவரிசை என்ற இன்னொரு பூதம். 2022இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் மைக்கேல் தாடியஸ், தன் சொந்தப் பல்கலைக்கழகம் தரவரிசைக்காகக் கொடுத்த புள்ளிவிவரம் சரியில்லை என்று கணக்குப் போட்டு வெளியிட்டார். நிர்வாகமும் பிறகு ஒத்துக்கொண்டது. இரண்டாம் இடத்திலிருந்து பதினெட்டாம் இடத்துக்கு ஒரே இறக்கம். அந்த ஒரு வருஷத்தில் அங்கே பாடம் நடத்தியவர்களும் மாறவில்லை, நூலகமும் இடியவில்லை. அங்கே படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் அப்பாமார்களுக்குத்தான் தூக்கம் போயிருக்கும்.

தங்கை அபி விஷயம் வேறு. அவள் பதினொன்றாம் வகுப்பு. இளங்கலைக்கே இங்கே வர ஆசை என்கிறாள். ஹார்வர்டில் நூறு பேர் விண்ணப்பித்தால் நாலு பேருக்கு இடம் கிடைத்தாலே பெரிது. அதை வைத்து அமெரிக்கா முழுக்க அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பாதிக்கும் மேற்பட்ட நாலாண்டுக் கல்லூரிகள் விண்ணப்பிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சேர்த்துக்கொள்கின்றன. ஆனால் அங்கெல்லாம் வெளிநாட்டுப் பிள்ளைக்கு முழுச் செலவையும் தர மாட்டார்கள். விசித்திரம் இதில்தான் இருக்கிறது: ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் போன்ற ஒரு சில இடங்களில் மட்டும், வெளிநாட்டுப் பிள்ளையாக இருந்தாலும் கையில் காசு இருக்கிறதா என்று பார்க்காமல் சேர்த்துவிட்டு, வீட்டு வருமானத்தைப் பார்த்து மிச்சத்தை அவர்களே போட்டுக்கொள்கிறார்கள். ஹார்வர்டில் இந்தக் கல்வியாண்டிலிருந்து, ஆண்டு வருமானம் 1,00,000 டாலருக்குள் இருக்கும் குடும்பத்துக்குப் படிப்பு, தங்கல், சாப்பாடு எதற்கும் காசில்லை. நம் தீப்பெட்டி ஆபீஸ் அந்த வரம்புக்குள் பத்திரமாக இருக்கிறது. அபி முயன்று பார்க்கட்டும். அந்த ஒன்றை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். கார்த்தி மாதிரி முதுகலைக்கு வருபவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது என்பதையும் சேர்த்து மனதில் வையுங்கள்.

“டொனேஷன் எவ்வளவுன்னு நேரடியாக் கேட்டுச் சொல்லு தாயி” என்று மெதுவான குரலில் கேட்டிருந்தீர்கள். மெதுவாகக் கேட்டதே போதும், உங்களுக்கும் தெரிந்திருக்கிறது. 2019இல் இங்கே அது பெரிய வழக்காகவே வெடித்தது. ரிக் சிங்கர் என்றொரு சேர்க்கை ஆலோசகர். ஆமாம், அவரும் கன்சல்டன்சிதான். நடிகைகள், நிதி நிறுவன முதலாளிகள் என்று பணக்காரப் பெற்றோரிடம் லட்சக்கணக்கான டாலர் வாங்கி, விளையாட்டுப் பயிற்சியாளர்களுக்குப் பங்கு கொடுத்து, படகுப் போட்டியில் கலந்துகொள்ளாத பிள்ளையை உடற்பயிற்சி எந்திரத்தில் உட்கார்த்தித் துடுப்பு வலிப்பது போலப் படம் எடுத்து, படகு வீராங்கனை என்று இடம் வாங்கிக் கொடுத்தார். சிலருக்குத் தேர்வு விடைகளையே வேறு ஆளை வைத்துத் திருத்தினார். பெற்றோர் சிலர் சிறைக்குப் போனார்கள். அவருக்கு மூன்றரை வருஷம். சட்டத்துக்கு உட்பட்டே கட்டடம் கட்டிக் கொடுத்துச் செல்வாக்குப் பெறுகிற குடும்பங்களும் இங்கே உண்டுதான். அவர்கள் கட்டுகிற கட்டடத்தின் விலைக்குக் கோவில்பட்டி மெயின் ரோட்டையே வாங்கலாம். நாம் அந்தப் பேச்சுக்குப் போக வேண்டாம்.

கார்த்தி சேர்ந்துவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். இப்போது சொல்லப் போவதைக் கேட்கும் முன் உட்கார்ந்துகொள்ளுங்கள். அவனுடைய மார்க்கை உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். பணம் கட்டுவது நீங்கள். ஆனால் அவனாக எழுதிக் கொடுத்தால் ஒழிய, அப்பாவுக்கும் சொல்லக் கூடாது என்று 1974இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். விண்ணப்பக் கட்டத்திலும் எங்கள் அலுவலகத்தில் அதே வழக்கம்தான். வாரத்தில் ஒரு அப்பாவாவது போன் செய்கிறார். “நான் பையனோட ஃபாதர் பேசுறேன்” என்று ஆரம்பிக்கும் குரலில் உள்ள அதிகாரம் எனக்குப் பழக்கப்பட்டது. கேட்டவுடன் எழுந்து நிற்கத் தோன்றும். உட்கார்ந்தபடியே, “மன்னிக்க வேண்டும் ஐயா, அவரையே பேசச் சொல்லுங்கள்” என்பேன். ஒருவர், “அவன் தூங்குறான், எழுப்பட்டுமா?” என்று கேட்டார். அவர்கள் ஊரில் அப்போது நடுராத்திரி. அப்பா விழித்திருக்கிறார்.

இனி நீங்கள் முக்கியமாகக் கேட்டது: “அங்க போனதும் பார்ட் டைம் வேலை பார்த்து ஃபீஸைக் கட்டிருவான்ல?”

கட்ட மாட்டான். இதைச் சொன்னவர் யாராக இருந்தாலும் அவரிடம் ஒரு கணக்கு நோட்டைக் கொடுத்து எதிரில் உட்கார வையுங்கள். மாணவர் விசாவில் வருபவர் படிப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். இரண்டு வேலை பார்த்தாலும் கூட்டி 20. விடுமுறையில் முழு நேரம் பார்க்கலாம், வேலை கிடைத்தால். இந்த மாநிலத்தில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், 2009இல் நாடு முழுக்க வைத்த எண், இங்கே இன்னும் அசையவில்லை. எங்கள் வளாகம் கொஞ்சம் தாராளம், 12 டாலர். வாரத்துக்கு 240. பதினாறு வார செமஸ்டருக்கு 3,840. என் துறையில் வெளிநாட்டு மாணவருக்கு வருஷக் கட்டணம் மட்டும் 30,000க்கு மேலே. ஆக, இந்தச் சம்பளம் அரிசி, பருப்பு, வாடகையில் ஒரு பங்கு, செல்போன் பில், இவற்றுக்குச் சரியாகப் போகும். ஃபீஸுக்குப் போகாது. கரிசல் காட்டை அடமானம் வைப்பதாக இருந்தால் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு வையுங்கள்.

பேராசிரியரிடம் உதவியாளராகச் சேர்ந்தால் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாதச் சம்பளமும் தருகிற ஏற்பாடு உண்டு. அதைத்தான் எல்லோரும் ‘ஸ்காலர்ஷிப்’ என்று ஊரில் சொல்கிறார்கள். பெரும்பாலும் முனைவர் பட்டத்துக்கு வந்தவர்களுக்கே அது போய்விடும். முதுகலைக்காரர்களுக்கு மிச்சம் மீதி. கிடைத்தால் மகிழ்ச்சி. கிடைக்கும் என்று நினைத்துக் கடன் வாங்கக் கூடாது.

வேலை தேடுவது தனிக் கதை. இணையத்தில் மாணவர் வேலைகளுக்கென்று பட்டியல் போடுவார்கள். அதில் பாதிக்கு எதிரே ‘ஒர்க் ஸ்டடி’ என்று இருக்கும். 1964இல் வறுமை ஒழிப்புச் சட்டத்தோடு வந்த திட்டம். சம்பளத்தில் பெரும்பகுதியை அரசாங்கம் தரும். இந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும். நம்மாள் அதைத் தாண்டிப் போக வேண்டும். மிச்சம் இருக்கும் வேலைகள் ஆகஸ்டில், வகுப்பு தொடங்குவதற்கு முன்னாலேயே, பட்டம் முடித்துப் போகும் சீனியர்கள் வாய்வழியாகக் கைமாறிவிடும்.

விண்ணப்பிக்க ஒரு பக்கத்தில் ரெஸ்யூமே வேண்டும். நம் பயோடேட்டாவைக் கொண்டுவந்து நீட்டினால் அலறுவார்கள்: புகைப்படம், பிறந்த தேதி, தகப்பனார் பெயர், மதம், திருமணமானவரா, கடைசியில் “மேற்கண்ட விவரங்கள் உண்மை என உறுதி கூறுகிறேன்”. இங்கே இதில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. தகப்பனார் பெயர் இல்லாத காகிதத்தை நம்பி எப்படி வேலை கொடுக்கிறார்கள் என்று அப்பாவுக்கு இன்றுவரை சந்தேகம்.

எனக்குக் கிடைத்த முதல் வேலை மாணவர் உணவுக்கூடத்தில், டிஷ் ரூமில். சுவரில் ஒரு ஓட்டை. அதன் வழியே ஓடும் பட்டையில் சாப்பிட்ட தட்டுகள் வந்துகொண்டே இருக்கும். நாங்கள் ரப்பர் கையுறை, தலைவலை, முழங்கால் வரை ஏப்ரன் கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் நிற்போம். மிச்சத்தைத் தள்ளுவது ஒருவர், தண்ணீர் பீய்ச்சுவது ஒருவர், எந்திரத்துக்குள் அடுக்குவது ஒருவர், வெளியே வரும்போது கை பொறுக்காத சூட்டில் எடுத்து வைப்பது ஒருவர். மதியம் பன்னிரண்டரைக்கு ஒரு அலை அடிக்கும் பாருங்கள், மூச்சுவிட முடியாது. அந்தப் பட்டையில் வருவதை வைத்தே இந்த நாட்டைப் பற்றி ஒரு புத்தகம் எழுதலாம். ஒரே ஒரு கடி கடித்த பீட்சா. தொடாத ஆப்பிள். உரிக்கக்கூடச் செய்யாத வாழைப்பழம். ஆச்சி பார்த்திருந்தால் அந்த ஓட்டைக்குள் தலையை விட்டுச் சாப்பிடுகிறவர்களைப் பிடித்துத் திட்டியிருப்பாள்.

ஆச்சிக்குத்தான் முதலில் தெரிந்தது. “பி.இ. படிச்சுட்டு அங்க போயி எச்சித் தட்டா கழுவுதே?” என்று கேட்டு அழுதாள். அப்பா அழவில்லை. தெருவில் விசாரித்தவர்களிடம், “செல்வி யுனிவர்சிட்டியில் உணவுத் துறையில் இருக்காள்” என்று சொல்லிவிட்டார். அவள் எப்போது வட்ட வழங்கல் அதிகாரி ஆனாள் என்று பால்காரர் கேட்டதாக அம்மா சொன்னாள்.

என்னோடு தட்டு கழுவியவர்களில் ஒருவன் டாக்டர் வீட்டுப் பிள்ளை. இன்னொருத்தி விவசாயி மகள். அவர்கள் காடு எத்தனை ஏக்கர் என்று சொன்னபோது நான் சைபரைச் சரிபார்த்துக்கொண்டேன். எனக்கு மேலதிகாரி பத்தொன்பது வயதுப் பெண். இளங்கலை இரண்டாம் வருஷம். “செல்வி, கத்திகளைத் தனியாப் போடு” என்று அவள் சொன்னால் நான் போடுவேன். வேலை முடிந்ததும் இருவரும் ஒரே மேசையில் சாப்பிடுவோம். அந்தச் சாப்பாடு ஊழியர்களுக்கு இலவசம், சம்பளத்தைவிட எனக்கு அதுதான் பெரிய மிச்சம். சேர்க்கை அலுவலகத்தில் இடம் காலியானபோது எனக்காகச் சிபாரிசு எழுதியது அந்தப் பத்தொன்பது வயது மேலதிகாரிதான். பணிவானவள், ஒழுக்கமானவள் என்று அவள் எழுதவில்லை. எந்திரம் நின்றுபோன ஒரு ராத்திரி எல்லாத் தட்டுகளையும் கையால் கழுவ நான் ஆட்களை வரிசை பிரித்து நிறுத்தியதை எழுதியிருந்தாள். நேர்முகத்தில் அதைப் பற்றித்தான் கேட்டார்கள். பி.இ. பற்றி யாரும் கேட்கவில்லை.

இடையில் கொஞ்சக் காலம் நூலகத்தில் புத்தகம் அடுக்கினேன். அந்த வேலையைத்தான் ஊரில் சொல்லிக்கொள்ளலாம். தமிழ்ப் புத்தகங்கள் பி.எல். 4758 என்ற வரிசையில் இருந்தன. பழைய புத்தகங்கள் சிலவற்றின் உள்ளட்டையில் ‘பி.எல். 480’ என்று ஒரு முத்திரை. அது அடுக்கும் எண் இல்லை. அமெரிக்காவின் பொதுச் சட்டம் 480. அந்தச் சட்டத்தின் கீழ்தான் அவர்கள் நமக்குக் கோதுமை விற்றார்கள். விலையாக நாம் கொடுத்த ரூபாயில் ஒரு பகுதியைச் செலவழித்து, 1962 முதல் நம் நாட்டில் அச்சான புத்தகங்களை வாங்கித் தங்கள் நூலகங்களுக்கு அனுப்பினார்கள். நீங்கள் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிட்டதாகச் சொல்வீர்களே, அமெரிக்கக் கோதுமை உப்புமா, அந்தச் சட்டத்தின் இன்னொரு கிளையில் வந்ததுதான் அது. உங்களுக்கு உப்புமா, எனக்குப் புத்தகம்.

வளாகத்தில் எனக்குப் பொறாமை வரும் வேலை ஒன்று உண்டு. சேர வரும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் வளாகத்தைச் சுற்றிக் காட்டும் வேலை. அந்த மாணவர்கள் கூட்டத்தைப் பார்த்தபடியே பேசிக்கொண்டு பின்பக்கமாக நடப்பார்கள். படிக்கட்டு, மரம், சைக்கிள் எதிலும் முட்டாமல், சிரித்த முகம் மாறாமல். கார்த்திக்கு அது சரிப்பட்டு வரும். சித்தி திட்டும்போது அவன் அப்படித்தானே வாசல் வரைக்கும் போவான்.

வேலை கிடைத்தபின் சோஷியல் செக்யூரிட்டி எண் வாங்க வேண்டும். வேலை கிடைத்த கடிதம் இருந்தால்தான் எண்ணுக்கு விண்ணப்பிக்க முடியும். எண் இல்லாமல் வேலை தரத் தயங்கும் மேலாளர்களும் இருக்கிறார்கள். விண்ணப்பித்துவிட்டாலே வேலையைத் தொடங்கலாம் என்று வெளிநாட்டு மாணவர் அலுவலகம் எழுதிக் கொடுக்கும், அதைக் காட்டினால் சரியாகிவிடும். வருமான வரிப் படிவம் ஏப்ரல் 15க்குள். இந்தியாவோடு செய்த வரி ஒப்பந்தத்தில், வேறு நாட்டு மாணவர்களுக்குப் பொதுவாக இல்லாத ஒரு நிலையான கழிவு நம் மாணவர்களுக்கு உண்டு. வரி மிச்சம் என்றதும் உங்கள் முகம் மலர்வது இங்கிருந்தே தெரிகிறது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். வளாகத்துக்கு வெளியே பெட்ரோல் பங்கிலோ நம்மவர் ஹோட்டலிலோ கையில் காசு வாங்கிக்கொண்டு வேலை பார்க்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால், கார்த்தி அந்தப் பக்கமே போகக் கூடாது. பிடிபட்டால் விசா நிலையே போய்விடும். காடும் போய், படிப்பும் போய் நிற்க வேண்டும்.

விசா என்றதும் ஞாபகம் வருகிறது. சென்னையில் ஜெமினி பாலத்துப் பக்கம் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் கேட்கும் கேள்விகள் சில நிமிஷத்தில் முடிந்துவிடும். இந்த ஜூன் மாதத்திலிருந்து மாணவர் விசாவுக்கு விண்ணப்பிப்பவர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்கை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்கிறார்கள். கார்த்தி தன் நடிகருக்காக ராத்திரி ராத்திரி இன்ஸ்டாகிராமில் போடுகிற சண்டையை ஒரு அதிகாரி மொழிபெயர்ப்பு வைத்துப் படிக்கப் போகிறார் என்று அவனிடம் சொல்லுங்கள். நீங்களும் ஒரு தடவை படித்துவிடாதீர்கள், உடம்புக்கு ஆகாது.

விண்ணப்பக் கடைசித் தேதிகள் பெரும்பாலும் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவுக்குள் வருகின்றன. ஆறேழு துறைகள் போதும். ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பக் கட்டணம் இருக்கிறது. கன்சல்டன்சிக்காரர் கொடுத்த இருபது பெயர்ப் பட்டியலில் சிலவற்றுக்கு எதிரே மட்டும் நட்சத்திரம் போட்டிருப்பதைப் பார்த்தேன். சில கல்லூரிகள் ஆள் பிடித்துக் கொடுப்பவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று தரகு கொடுக்கும் வழக்கம் இங்கே உண்டு. நட்சத்திரம் எதற்கு என்று அவரிடம் சும்மா கேளுங்கள். முகத்தைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள்.

கொடுத்த முன்பணத்தையும் திரும்பக் கேளுங்கள். தர மாட்டார். நாலு பேர் காத்திருக்கும் நேரமாகப் பார்த்துப் போய், மெழுகு வியாபாரியிடம் பேசுகிற குரலில் கேட்டால் பாதியாவது வரும். வந்தால் அதில் கார்த்திக்கு ஒரு குக்கர் வாங்கி, சோறு வடிக்காமல் பொங்க வைப்பது எப்படி என்று சித்தியைச் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள். பெரிய குக்கர் வேண்டாம், மூன்று லிட்டர் போதும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்
செல்வி